கேஸ்லைட்டிங் என்றால் வெறும் பொய் இல்லை

ஒருவரைத் திரும்பத் திரும்பக் குழப்பி, தன் நினைவையே சந்தேகிக்க வைப்பதுதான் 'கேஸ்லைட்டிங்'. மாணவர்கள் எந்தப் பொய்யையும் அப்படிச் சொல்கிறார்கள், எப்படித் திருத்துவது என்று கேட்டிருந்தீர்கள். சொல் பிறந்த இடத்தையே காட்டுங்கள்: பேட்ரிக் ஹாமில்டனின் 1938 நாடகம், அதிலிருந்து எடுத்த 1944 படம். கணவன் பூட்டிய மாடியில் ரகசியமாக விளக்கேற்றுவான். எரிவாயு அழுத்தம் குறைந்து கீழே மனைவியின் அறை விளக்கு மங்கும். தலைப்பே அதுதான்: 'கேஸ் லைட்', அதாவது எரிவாயு விளக்கு.

ஆனால் வகுப்புக்கு ப்ரூச் (உடையில் குத்தும் நகை) காட்சிதான் பொருத்தம். அவளுடைய நகையை அவனே எடுத்துவிட்டு, மறதியில் தொலைத்தது அவள்தான் என்று நம்பவைப்பான்.

பிறகு இரண்டு வாக்கியங்களைப் பலகையில் எழுதுங்கள். 'ஹோம்வொர்க் முடிச்சிட்டேன் சார்': இது பொய். 'நீங்க ஹோம்வொர்க்கே தரல சார், உங்களுக்குத்தான் மறதி': தினமும் இதையே சொல்லி உங்களையே குழப்பினால் கேஸ்லைட்டிங். ஒருமுறை சொன்னால் வெறும் குறும்பு. இந்த 'திரும்பத் திரும்ப' என்பதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.