60 நாள் கடந்த பிறகு அவகாசம் கேட்க இடமில்லை

கேள்வி: பினாங்கு மாநிலத்தின் பிறையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் 11 ஆண்டுகள் வேலை செய்தேன். மேற்பார்வையாளருடன் ஏற்பட்ட தகராறை வைத்து உள்விசாரணை நடத்தி, செப்டம்பர் 18-ஆம் தேதி வேலைநீக்கக் கடிதம் கொடுத்தார்கள். மேல்முறையீடு செய்யலாம் என்று மனிதவள அதிகாரி சொன்னதால் நிர்வாகத்துக்கு எழுதினேன். நவம்பர் 24-ஆம் தேதிதான் நிராகரித்துப் பதில் வந்தது. மறுநாளே தொழிலுறவு இலாகாவுக்குப் போனேன். வேலைநீக்கத்தை எதிர்த்து மனுச் செய்வதற்கான 60 நாள் முடிந்துவிட்டது என்கிறார்கள். அவகாசத்தை நீட்டிக்க யாரிடம் மனுச் செய்வது? – வாசகர், பட்டர்வொர்த்

பதில்: உங்கள் நான்கு பக்கக் கடிதத்தில் மூன்றரைப் பக்கம் மேற்பார்வையாளர் பேசிய பேச்சையும் விசாரணைக் குழுவில் அவருடைய நண்பர் அமர்ந்திருந்ததையும் பற்றியது. அத்தனையும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால், மனு உரிய நாளுக்குள் பதிவாகியிருந்தால்தான் அதைக் கேட்க ஒரு மன்றம் உண்டு என்பதால், அதை இங்கே ஒதுக்கி வைக்கிறேன்.

மனுச் செய்ய யாரும் இல்லை. உயர் நீதிமன்றத்தில் ஓர் ஆவணத்தைத் தாமதமாகத் தாக்கல் செய்தால், 2012-ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 3-ஆம் கட்டளை, 5-ஆம் விதியின் கீழ் அவகாசம் கேட்கலாம்; அந்தப் பழக்கத்தில்தான் பலரும் எல்லாக் காலக்கெடுவும் நெகிழும் என்று நம்புகிறார்கள். உங்கள் 60 நாளோ 1967-ஆம் ஆண்டு தொழிலுறவுச் சட்டத்தின் 20(1ஏ) பிரிவில் நாடாளுமன்றமே எழுதிவைத்தது. அதை நீட்டிக்கும் அதிகாரம் தொழிலுறவு இலாகாவின் தலைமை இயக்குநருக்குத் தரப்படவில்லை. இந்தக் கெடு கண்டிப்பானது என்று 1981-இலேயே பங் கியோங் ரப்பர் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. தீபாவளி விடுமுறையும் ஞாயிற்றுக்கிழமைகளும் கணக்கில் சேரும் என்பதால், உடனடி வேலைநீக்கமாக இருந்தால் உங்கள் கடைசி நாள் நவம்பர் 17.

ஆகவே ஒரே கேள்விதான் மிஞ்சுகிறது: அந்தக் கடிதம் உங்களை எந்த நாளிலிருந்து நீக்கியது? கடிதத்தை எடுத்து, அந்த ஒரு வரியை மட்டும் படியுங்கள். “உடனடியாக” என்றிருந்தால் கதை முடிந்தது. எட்டு வார நோட்டீஸ் கொடுத்து, அது முடியும்வரை நீங்கள் ஊழியராகவே இருந்திருந்தால், 60 நாள் நோட்டீஸ் முடிந்த நாளிலிருந்துதான் ஓடும். அப்படியானால் உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது, இன்றே பதிவு செய்யுங்கள். இந்த இடத்தில் பலர் ஏமாறுவதை நான் பார்த்திருக்கிறேன்: நோட்டீசுக்குப் பதிலாக எட்டு வாரச் சம்பளத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டவர், தமக்கும் நோட்டீஸ் காலம் உண்டு என்று எண்ணிக்கொள்கிறார். அவருக்கு வேலை போனது பணம் வாங்கிய அன்றே. சந்தேகம் இருந்தால் அக்டோபர் மாதச் சம்பளச் சீட்டைப் பாருங்கள்: வழக்கமான சம்பளமும் ஊழியர் சேமநிதிப் பிடித்தமும் அதில் இருந்தால் அது நல்ல அடையாளம்.

மேல்முறையீடு நடக்கும்போது கடிகாரம் நிற்காது. என் அலுவலகத்துக்கு வரும் தாமத வழக்குகளில் பெரும்பாலானவை நிர்வாகத்தின் பதிலுக்காகக் காத்திருந்தவர்களுடையவை. மற்றவை தொழிலுறவு இலாகாவுக்குப் பதிலாகத் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுத்துவிட்டு, அதையே போதுமென்று எண்ணியவர்களுடையவை. இரண்டும் மனிதவள அமைச்சின் கீழ்தான், ஆனால் ஒன்றில் வைத்த முத்திரை மற்றொன்றில் செல்லாது. முதலில் இலாகாவில் மனுவைப் பதிவு செய்து முத்திரையிட்ட நகலை வாங்கிக்கொண்டு, பிறகு நிர்வாகத்துக்கு எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். சமரசம் ஏற்பட்டால் மனுவை மீட்டுக்கொள்ளவும் வழி உண்டு. மனுவில் மீண்டும் வேலையில் அமர்த்தும்படி கேட்க வேண்டும், இழப்பீடு மட்டும் கேட்டவர்கள் அதனாலேயே சிக்கலில் மாட்டியிருக்கிறார்கள்.

உடனடி நீக்கமாக இருந்தால், ஒப்பந்த மீறல் என்று சிவில் வழக்குப் போட 1953-ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டப்படி 6 ஆண்டு உண்டு. ஆனால் அங்கே பொதுவாகக் கிடைப்பது நோட்டீஸ் காலச் சம்பளம் மட்டுமே. உங்களுக்கு அது ஏறக்குறைய இரண்டு மாதச் சம்பளம், வழக்குச் செலவே அதை விழுங்கிவிடும். மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டைத் தாண்டாதவராக இருந்து, மிகைநேரப் பணம் பாக்கி இருந்தால், அதைத் தொழிலாளர் இலாகாவில் தனியாகக் கேட்கலாம்.

வெளிப்படையாகச் சொல்கிறேன்: உடனடி நீக்கம்தான் என்றால் சமரசத்துக்குப் போங்கள். நாள் கடந்துவிட்டது என்பது உங்கள் முன்னாள் நிர்வாகத்துக்கும் தெரியும், ஆகவே வழக்கு மிரட்டல் எடுபடாது. ஆவணத்தில் வேலைநீக்கத்தை ராஜினாமாவாக மாற்றி, நோட்டீஸ் சம்பளமும் சேவைச் சான்றும் கேளுங்கள். ஆனால் அக்டோபர் சம்பளச் சீட்டை ஒரு வழக்கறிஞரிடம் காட்டும்வரை, “இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்று எழுதிய எந்தத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள்.