மாரிக்கு முதல் வரவேண்டிய காசு

இந்த முறை வந்த கேள்வியள்ல கனக்க டெங்கு பற்றித்தான், அதுவும் காசு பற்றித்தான். மற்றக் கேள்வியளை அடுத்த இதழுக்கு வச்சிட்டு இதையே எடுக்கிறன்.

"டெங்குக்கு இவ்வளவு மில்லியன் ஒதுக்கியாச்சு எண்டு நியூஸ்ல சொல்லுறாங்கள், ஆனா எங்கட ஒழுங்கைக்கு ஆள் வாறது யாருக்கும் காய்ச்சல் வந்த பிறகுதான். காசு ஏன் ஐயா எப்பவும் பிந்தி வருது?" – வாசகி, உவர்மலை

தங்கச்சி, முதல் காரணம் நிதியாண்டு. அரசாங்கத்தின்ர கணக்கு ஜனவரி 1ல தொடங்கி டிசம்பர் 31ல முடியுது, எங்கட கிழக்கு மாகாணத்து மாரியோ ஒக்டோபர்ல தொடங்கி ஜனவரி, சிலநேரம் பெப்ரவரி மட்டும் இழுக்குது. நுளம்பு பெருகத் தொடங்கிற நேரம் பழைய வருசத்து வோட், அதாவது ஒதுக்கின காசு, முடியிற கட்டத்தில நிக்கும், மிஞ்சினதை டிசம்பருக்குள்ள செலவழிக்காட்டி அது திரும்பிப் போயிடும், புது வருசத்துக் காசு திறைசேரியில இருந்து மாகாணத்துக்கு வந்து அங்கயிருந்து கீழ இறங்கி வர நாள் எடுக்கும். கொழும்புப் பக்கத்துக்கு பெரிய மழை மே, ஜூன்ல, அதாவது வருசத்தின்ர நடுவில. எங்கட பக்கத்துக்கோ மழை வருசம் மாறுற இடத்திலயே வந்து விழுகுது. அதால எங்களுக்கெண்டு ஒரு தொகையை செப்டெம்பருக்கு முதலே ஒதுக்கி கையில குடுக்கோணும், இதை நான் எத்தனை தரம் வேணுமெண்டாலும் எழுதுவன்.

2017ஐ நீங்கள் மறந்திருக்க மாட்டீங்கள். அந்த வருசம் நாடு முழுக்க 186,000க்கு மேல நோயாளிகள், 400க்கு மேல சாவு. எங்கட திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவில மார்ச் மாசமே வாட்டில கட்டில் இல்லாமப் போய், பள்ளிக்கூடங்களையும் பூட்டினவை. அவுஸ்திரேலியா உலக சுகாதார நிறுவனத்துக்கு ஊடாக 475,000 டொலர் தாறம் எண்டு அறிவிச்சது ஜூலையில. அது நல்ல உதவி, நன்றியோட சொல்லோணும், ஆனா அதுக்குள்ள கிண்ணியாவில ஜனாஸாக்கள் அடக்கி மாசங்கள் போயிட்டுது.

"நாங்கள் ஏழை நாடு, அதால இப்பிடி. அமெரிக்கா மாதிரி நாட்டில இது நடக்குமா?" – வாசகர், தம்பலகாமம்

நடந்தது தம்பி. 2016ல சிக்கா வைரஸ் பரவேக்க, அதுவும் எங்கட டெங்கு நுளம்பு ஈடிஸ்தான் காவுறது, அப்ப ஜனாதிபதியா இருந்த ஒபாமா பெப்ரவரியில அவையின்ர பாராளுமன்றமான காங்கிரஸிட்ட கிட்டத்தட்ட 1.9 பில்லியன் டொலர் கேட்டார். கட்சிச் சண்டையில அது இழுபட்டு இழுபட்டு, எபோலாவுக்கு எண்டு வச்சிருந்த காசில இருந்து பெரும்பங்கா 589 மில்லியனை மாத்தி எடுத்துச் சமாளிச்சு, ஜூலையில புளோரிடாவில உள்ளூர் நுளம்பாலயே ஆக்களுக்குத் தொத்தி, கடைசியில செப்டெம்பர் முடிவிலதான் 1.1 பில்லியன் பாஸ் ஆனது. நுளம்பு முட்டையில இருந்து பறக்கிற அளவுக்கு வளர ஏழு பத்து நாள் போதும். ஏழு மாசத்தில எத்தனை தலைமுறை எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

"எங்கட பக்கம் புகை அடிச்சிட்டுப் போனா எல்லாருக்கும் ஒரு நிம்மதி. ஆனா ரெண்டு கிழமையில திரும்ப நுளம்பு. அப்ப அந்தக் காசு வீண்தானே சேர்?" – வாசகி, கிண்ணியா

முழுக்க வீண் இல்ல. ஒரு வீட்டில டெங்கு எண்டு உறுதியானா அந்த வீட்டையும் சுத்திவர உள்ள வீடுகளையும் உடன புகை அடிச்சா, வைரஸோட பறக்கிற நுளம்பு சாகும், அதுக்கு அது வேணும். ஆனா புகை படுறது பறக்கிற நுளம்புக்கு மட்டும்தான், தண்ணிக்குள்ள நெளியிற குடம்பிக்கு ஒண்டும் ஆகாது. டெங்கு நுளம்பு கட்டிலுக்குக் கீழ, தொங்கப் போட்ட உடுப்புக்குப் பின்னால, அலுமாரி மூலையில இருக்கிற சாமான், நாங்களோ மெஷின் சத்தம் கேட்ட உடன கதவு ஜன்னல் எல்லாத்தையும் சாத்திப்போடுவம்! பிறகு புகை ரோட்டுக்கும் வேலிக்கும்தான்.

கண்ணுக்குத் தெரியிற வேலை எண்டபடியால அரசியல்வாதியளுக்கும் புகை பிடிக்கும், சனத்துக்கும் பிடிக்கும். எனக்கு கையில காசு தந்தா நான் முதல் போடுறது ஆளுக்குத்தான். கிழமைக்கு ஒருக்கா வீடு வீடா ஏறி, டாங்கி மூடியைத் திறந்து, கிணத்துக்குள்ள டோர்ச் அடிச்சுப் பார்த்து, குடம்பி தின்னுற மீன் விட்டு, அடுத்த கிழமை அதே வீட்டுக்குத் திரும்பி வாற ஆள். ஒரு பிஎச்ஐக்கு, அதுதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு, ஆயிரக்கணக்கான வீட்டைக் குடுத்திட்டு அவரை ஏசி என்ன பிரயோசனம்?

"கரையில கிடக்கிற பழைய போட்டுகளைச் சுத்தம் செய்யிறது ஆற்ற வேலை? எங்கட வேலையா, சபையின்ர வேலையா?" – வாசகர், திருக்கடலூர்

சொந்தக்காரர் இருக்கிற போட் எண்டா அவற்ற வேலை. 2007ம் ஆண்டு 11ம் இலக்க நுளம்பு பெருக்கத் தடுப்புச் சட்டம் அப்பிடித்தான் சொல்லுது, உங்கட வளவில நுளம்பு பெருகினா உங்களுக்குத்தான் வழக்கு. ஆனா ஆளில்லாமக் கிடக்கிற உடைஞ்ச ஃபைபர் போட்டை ரெண்டு மூண்டு மீன்பிடிக்காரர் சேர்ந்து தூக்கேலாது, அதுக்கு ட்ராக்டர் வேணும், டீசல் வேணும், அது சபையின்ர காசு. அதுவரைக்கும் கவிட்டு வையுங்கோ, இல்லாட்டி அடியில ஓட்டை போட்டு விடுங்கோ. தண்ணியை ஊத்தினா மட்டும் காணாது, பக்கத்தைத் தும்பால தேயுங்கோ, ஏனெண்டா முட்டை பக்கத்தில ஒட்டிக்கொண்டு வெயில்ல மாசக்கணக்காக் காஞ்சு கிடந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும். ஆடி வெயில்ல காஞ்சு கிடக்கிற போட்டைப் பார்த்து ஒண்டுமில்ல எண்டு விடாதீங்கோ.

"இப்ப நோய் குறைவு, ஏன் காசு கேக்கிறியள் எண்டு அதிகாரியள் கேட்டா என்ன சொல்லுறது? வந்த காசின்ர கணக்கை நாங்கள் கேக்கலாமா?" – வாசகர், மூதூர்

மலேரியாவைச் சொல்லுங்கோ. 1963ல நாடு முழுக்க வெறும் 17 பேர். முடிஞ்சுது எண்டு கையை எடுத்தாச்சு, 1968, 69ல அஞ்சு இலட்சத்துக்கு மேல. பிறகு திரும்பக் கஷ்டப்பட்டு, போர்க் காலத்திலயும் ரத்தம் எடுத்துப் பார்க்கிறதை விடாம, 2012க்குப் பிறகு உள்ளூரில தொத்தின ஒருத்தரும் இல்லையெண்டு ஆக்கி, 2016 செப்டெம்பர்ல உலக சுகாதார நிறுவனத்தின்ர சான்றிதழையும் எடுத்தம். நோய் குறைஞ்ச நேரத்திலயும் காசு நிப்பாட்டாததாலதான் அது நடந்தது.

கணக்குக் கேக்கலாம், தாராளமா. 2016ம் ஆண்டு 12ம் இலக்க தகவல் அறியும் சட்டம் இருக்கு. சபையிலயும் சுகாதாரக் கந்தோரிலயும் தகவல் அதிகாரி எண்டு ஒருத்தர் இருப்பார், அவருக்குத் தமிழிலயே எழுதிக் குடுங்கோ: இந்த வருசம் டெங்குக்கு எவ்வளவு வந்தது, எந்தத் திகதி வந்தது, புகைக்கு எவ்வளவு, ஆள் சம்பளத்துக்கு எவ்வளவு. திகதியைக் கட்டாயம் கேளுங்கோ. தாறதா இல்லையா எண்டு 14 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்லோணும், குடுத்ததுக்கு அத்தாட்சித் துண்டையும் வாங்கி வையுங்கோ. பதில் வந்தா எனக்கும் ஒரு கொப்பி அனுப்புங்கோ, இதே பகுதியில போடுறன்.