முகாமில் பேசாத சிறுவன்: என் அனுபவத்திலிருந்து

வணக்கம் தம்பி. 2024 ஜூலை 30 வயநாடு நிலச்சரிவுக்குப் பின் மேப்பாடி முகாமில் தன்னார்வலராக இருப்பதாகவும், ஏழு வயதுப் பையன் ஒருவன் மண் மூடிய வீட்டையே திரும்பத் திரும்ப வரைகிறான், கேட்டால் பேசுவதில்லை என்றும் எழுதியிருந்தீர்கள்.

வரையட்டும், தடுக்காதீர்கள். ‘அன்றைக்கு என்ன நடந்தது’ என்று மட்டும் கேட்காதீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் நான் செய்த தவறு அது. ஒரு சிறுமியை வற்புறுத்திச் சொல்ல வைத்தேன். அன்று இரவு அவள் தூங்கவே இல்லை. அவளாகப் பேசியது பத்து நாள் கழித்து, பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தபோது.

தினமும் ஒரே நேரத்துக்குப் போங்கள். எல்லாம் கலைந்துபோன பிள்ளைக்கு, நாலு மணிக்கு அண்ணன் வருவார் என்பதே பெரிய பிடிமானம். ஊர் திரும்பும் நாளையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சொல்லாமல் கிளம்பிவிடாதீர்கள்.

படுக்கையை நனைப்பது, மழைச் சத்தத்துக்கு நடுங்குவது எல்லாம் முதல் சில வாரங்களில் சகஜம். ஒரு மாதம் தாண்டியும் குறையாவிட்டாலோ, சாப்பாட்டையே ஒதுக்கினாலோ மனநல ஆலோசகரிடம் கட்டாயம் சொல்லுங்கள். 1098 குழந்தைகள் உதவி எண்ணையும் அழைக்கலாம்.

அப்புறம், நீங்களும் தினமும் யாரிடமாவது மனம்விட்டுப் பேசிவிட்டுத் தூங்குங்கள்.