டீச்சரிடம் கேளுங்கள்: ஒரு கிண்ணத்தின் முன்னால் நின்றால் போதும்

(பாளையங்கோட்டையில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்ற ஆசிரியை வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

வாசகி, தென்காசி: லீவில் பிள்ளைகள் இருவரையும் (மூன்றாம் வகுப்பு, ஆறாம் வகுப்பு) ஒரு சின்ன அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனோம். உள்ளே போன கொஞ்ச நேரத்திலேயே "போலாம்மா" என்று நச்சரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு இதெல்லாம் பிடிக்காதா டீச்சர்?

பிடிக்கும்மா. முதல் அறையிலிருந்து கடைசி அறைவரை கையைப் பிடித்து நடத்தி, ஒவ்வொரு அட்டையையும் வாசித்துக் காட்டினால் பெரியவர்களுக்கே கால் கடுக்கும். முதலில் அவர்கள் போக்கில் ஒரு சுற்றுச் சுற்றிவர விடுங்கள். அப்புறம் "உனக்கு எது பிடிச்சிருக்கு?" என்று கேட்டு, அந்த ஒன்றின் முன்னால் போய் நில்லுங்கள். மற்றதெல்லாம் அடுத்த தடவைக்கு. பக்கத்து ஊரில்தானே இருக்கிறது, எங்கே ஓடிவிடப் போகிறது?

என் பேரன் அப்படி நின்றது ஒரு கறுப்பு-சிவப்புக் கிண்ணத்தின் முன்னால். உள்பக்கமும் விளிம்பும் கறுப்பு, வெளியே அடிப்பக்கம் சிவப்பு. "ஆச்சி, ரெண்டு பெயிண்ட் அடிச்சிருக்காவளா?" என்றான். நான் உடனே பதில் சொல்லவில்லை. "பெயிண்ட் இல்லை. சூளையில வைக்கும்போது எப்படி வச்சிருப்பாவ, நினைச்சுப் பாரு" என்றேன். கையைக் கிண்ணம் மாதிரி குவித்து, நிமிர்த்தி, கவிழ்த்துப் பார்த்துவிட்டு "கவுத்து வச்சாவளா?" என்றான். அதேதான். வாயைக் கவிழ்த்துச் சுடும்போது உள்ளே காற்றுப் புகாது, கரி ஏறிக் கறுத்துவிடும். வெளியே காற்றுப் படுவதால் களிமண்ணில் இருக்கும் இரும்புச் சத்து சிவந்துவிடும். ஒரே களிமண், ஒரே சூளை, இரண்டு நிறம்! இதைத் தானே கண்டுபிடித்த பிள்ளைக்குச் சலிப்பு வருமா? அதே வாரம் சேரன்மகாதேவி பக்கம் காருகுறிச்சிக்குக் கூட்டிப் போய், பானை வனைகிறவர்களின் சக்கரத்தையும் சூளையையும் காட்டினேன். முடிந்தால் நீங்களும் இந்த இரண்டையும் சேர்த்தே காட்டுங்கள்.

ஓலைச்சுவடி பிடித்த பிள்ளை என்றால், வீட்டில் ஒரு பனை ஓலைத் துண்டில் ஆணியால் பெயரைக் கீறச் சொல்லுங்கள். கீறியது கண்ணுக்கே சரியாகத் தெரியாது. விளக்குக் கரியைத் தடவித் துடைத்தால் எழுத்து பளிச்சென்று எழுந்துவரும்.

வாசகர், வள்ளியூர்: எந்தக் கிழமை போகலாம்?

பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகம் என்றால் வெள்ளிக்கிழமையையும் இரண்டாம் சனிக்கிழமையையும் தவிர்த்துவிடுங்கள். எங்கே போவதானாலும் கிளம்புமுன் ஒரு தடவை விசாரித்துக்கொள்வது நல்லது. காலையில் போங்கள். பிள்ளைகளுக்குப் பசி வந்துவிட்டால் ராஜராஜன் வந்து நின்றாலும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார்கள்.

வாசகி, களக்காடு: ஆதிச்சநல்லூர் பார்க்க ஆசை. ஆனால் "பிணம் வைத்த பானையைப் பச்சைப் பிள்ளைக்குக் காட்டாதே" என்கிறார் என் மாமியார். காட்டலாமா?

தாராளமாகக் காட்டலாம். உங்கள் மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே 2023-இல் திறந்த அருங்காட்சியகத்தில், தோண்டிய குழிக்கு மேல் கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள். தாழிகள் கிடந்த இடத்திலேயே கிடக்க, நாம் மேலே நின்று குனிந்து பார்க்கலாம். பிள்ளைகள் முதலில் கண்ணாடியில் கால் வைக்கத்தான் தயங்குவார்கள்.

பிள்ளை கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். "செத்துப்போனவங்களை இதுக்குள்ள வச்சுப் புதைச்சாங்க. அவங்களுக்குத் தேவைப்படும்னு பானை, இரும்புச் சாமான் எல்லாம் கூட வச்சாங்க." இது போதும். பூச்சாண்டி காட்டினால்தான் பயம் வரும். சாகாமல் சுருங்கிப்போன கிழவர்களைத் தாழிக்குள் வைத்தார்கள் என்ற பழைய கதையை மாமியார் சொன்னால் சொல்லட்டும், அது கதை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். நம் வீட்டில் தாத்தா படத்துக்கு முன்னால் அவருக்குப் பிடித்ததைப் படைக்கிறோமே, அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இது சட்டென்று புரியும்.

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் சாலையில் சுமார் 25 கி.மீ. வழியில் கிருஷ்ணாபுரம் கோயில் இருக்கிறது. நடை சாத்துமுன் அங்கே இறங்கி, இளவரசியைத் தூக்கிக்கொண்டு போகும் குறவன் சிலையைக் காட்டிவிட்டுப் போங்கள்.

ஆறாம் வகுப்பு மாணவன், செய்துங்கநல்லூர்: எங்க ஊர்ப் பக்கத்துல தோண்டி எடுத்த சாமான் ஏன் ஜெர்மனிக்குப் போச்சு டீச்சர்?

நல்ல கேள்வி தம்பி. உன் வயசில் எனக்கும் இதே ஆதங்கம்தான். 1876-இல் பெர்லினிலிருந்து யாகோர் என்பவர் வந்து ஆதிச்சநல்லூரில் முதன்முதலாகத் தோண்டினார். அப்போது நடந்தது ஆங்கிலேயர் ஆட்சி. கிடைத்ததைத் தன் ஊருக்குக் கொண்டுபோய்விட்டார், தடுக்க ஆள் இல்லை. பிறகு 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது தங்கத்தில் நெற்றிப்பட்டங்கள், வெண்கலச் சாமான்கள், இரும்பு ஆயுதங்கள் என்று அள்ள அள்ள வந்தன. அவை சென்னைக்குப் போயின. அதற்கப்புறம் அங்கே பெரிதாகத் தோண்ட நூறு வருஷம் ஆனது. 2004-இல் தொல்லியல் துறை மறுபடி இறங்கியபோது 160-க்கு மேல் தாழிகள் கிடைத்தன.

இதனால்தான் நம் மண்ணில் கிடைத்தது நம் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று நான் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன்னால் பெர்லினுக்குப் போக முடியாது, ஆதிச்சநல்லூருக்கு சைக்கிளிலேயே போய்விடலாம். சென்னைக்குப் போகும்போது எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஆதிச்சநல்லூர் வெண்கலங்கள் எங்கே என்று கேட்டுப் பார். அவற்றில் சேவல், எருமை என்று உனக்குத் தெரிந்த உருவங்கள் உண்டு. உனக்கு எது பிடித்தது என்று எனக்கு எழுது.