எருமைக்கு அடிக்கடி வயிறு உப்புவது ஏன்? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கன்று ஈன்று ஒரு மாதமான எருமைக்கு வாரத்துக்கு இரண்டு முறை வயிறு உப்புகிறது. மருந்து ஊற்றினால் வடிகிறது, பிறகு திரும்பவும் வருகிறது. காய்ச்சல் இல்லை. சாணம் கொஞ்சமாக, களிம்பு போல விழுகிறது. இதே மருந்தைத் தொடரலாமா?

பதில்: வேண்டாம். ஒருமுறை உப்பினால் தீவனத்தைச் சந்தேகிக்கலாம். வடிந்தபின் மீண்டும் மீண்டும் உப்பினால் அது சாதாரண அஜீரணம் இல்லை. நிறை சினையிலும் ஈன்ற பிறகும் எருமைகளுக்கு உதரவிதானம் (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்திரை) கிழிந்து, வயிற்றின் ஓர் அறை நெஞ்சுக்கூட்டுக்குள் ஏறிக்கொள்வதுண்டு. தீவனத்தோடு உள்ளே போன கம்பியோ ஆணியோ குத்திப் பலவீனப்பட்ட இடம் கிழிவதே பெரும்பாலும் காரணம். நீங்கள் சொல்லும் சாணமும் இதற்குப் பொருந்துகிறது. எக்ஸ்ரே அல்லது ஸ்கேனில் உறுதிசெய்யலாம். தீர்வு அறுவை சிகிச்சைதான். எருமை நலிந்து, தீனியை விட்ட பிறகு கொண்டுபோனால் பிழைக்கும் வாய்ப்பு குறையும்.

மற்ற உப்புசங்களையும் பிரித்தறியுங்கள். இடது பக்கம் கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் முஷ்டியை அழுத்தி வைத்தால், நலமான மாட்டில் 2 நிமிடத்தில் 2 முதல் 4 முறை பெருவயிறு (தீனி முதலில் தங்கி நொதிக்கும் பெரிய அறை) புரள்வது தெரியும். பள்ளம் மேலெழும்பி, தட்டினால் மத்தளம் போல ஒலித்தால் காற்று அடைந்திருக்கிறது. மருத்துவர் வாய் வழியாக இரைப்பைக் குழாய் விடும்போது காற்று சீறி வெளியேறினால் அது தனிக்காற்று, அதாவது நுரையோடு கலக்காத காற்று. தொண்டையில் கிழங்கு போன்ற ஏதேனும் சிக்கியிருந்தாலும் இப்படி ஆகும். குழாயில் நுரை மட்டும் வந்தால், இளம் பயறுவகைத் தீவனம் அதிகமாகிவிட்டது. நுரையை உடைக்க 250 முதல் 500 மில்லி தாவர எண்ணெய் கொடுக்கலாம். தனிக்காற்றுக்கு எண்ணெயால் பெரிய பலன் இல்லை.

எண்ணெய் ஊற்றும்போது நாக்கை வெளியே இழுத்துப் பிடிக்காதீர்கள், தலையை அண்ணாந்து தூக்காதீர்கள். நுரையீரலுக்குள் போனால் உப்புசத்தைவிடப் பெரிய தொல்லை. நாக்கு வெளியே தள்ளி, வாயால் மூச்சுவிட்டு, தள்ளாடினால் ஊற்றுவதை நிறுத்திவிட்டு மருத்துவரை அழையுங்கள். இடது பள்ளத்தில் துளையிட்டுக் காற்றை இறக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: தானிய மாவு மூட்டையை எருமை அவிழ்த்துத் தின்றுவிட்டது. இப்போதைக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

பதில்: நம்பிவிடாதீர்கள். பெருவயிற்றில் அமிலம் பெருகி 12 முதல் 36 மணி நேரத்தில்தான் சோர்வு, அசைபோடாமை, புளித்த நாற்றமுள்ள கழிச்சல் எல்லாம் வரும். மீதி மாவை அகற்றி, அடர்தீவனத்தை நிறுத்தி, உலர்தீவனம் மட்டும் போடுங்கள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுங்கள். 100 முதல் 150 கிராம் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். ஏற்கெனவே உப்பியிருந்தால் கொடுக்கக்கூடாது, அமிலத்தோடு சேர்ந்து மேலும் வாயு கிளம்பும். மாடு படுத்து எழாவிட்டால் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றாமல் மீளாது. அமிலம் தணிந்த பிறகு, நலமான மாட்டின் பெருவயிற்றுத் திரவம் சில லிட்டர் கொடுத்தால் நுண்ணுயிர்கள் திரும்பி, பசி எடுக்கும்.

கேள்வி: இருபது நாள் கன்று வெளுத்த களிமண் போல, நாற்றத்தோடு கழிகிறது. பால் செரிக்கவில்லையா?

பதில்: உருண்டைப்புழுவாக இருக்கலாம், சாணத்தைப் பரிசோதித்துவிடுங்கள். தாயின் உடலில் தங்கியிருக்கும் புழுவின் இளம்பருவம் பால் வழியாகவே கன்றுக்கு இறங்குகிறது. பால் நிறுத்தத் தேவையில்லை. பைப்பரசின் மருந்து, கன்றின் எடையில் கிலோவுக்கு 200 மில்லிகிராம். 30 கிலோ கன்றுக்கு 6 கிராம். அடுத்த ஈற்றில் கழிச்சல் வரும்வரை காத்திராமல், பிறந்த 10 முதல் 16 நாளுக்குள் முதல் மருந்தைக் கொடுத்துவிடுங்கள்.