கொசு, டெங்கு: ஓய்வுபெற்ற பூச்சியியல் அலுவலரிடம் கேளுங்கள்

வேளச்சேரி வாசகி: வாரம் தவறாமல் தண்ணீரை மாற்றுகிறோம். ஆனாலும் சிமென்ட் தொட்டியில் புழு நெளிகிறதே?

மாற்றினீர்கள் சரி, தேய்த்தீர்களா அம்மா? டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரச் சுவரில்தான் முட்டையை ஒட்டிவைக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் கரித்தூள் மாதிரி தெரியும். தொட்டி காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தண்ணீர் பட்டதும் பொரியும், ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகப் பறக்கும். தொட்டியைக் காலி செய்து, பிரஷ்ஷால் உள்சுவரை அழுத்தித் தேய்த்து, காயவிட்டு நிரப்புங்கள். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் நீர் சேரும் தட்டையும் இழுத்துப் பாருங்கள். அதை யாரும் பார்ப்பதே இல்லை.

குடியிருப்போர் சங்கச் செயலாளர்: புகை அடிக்க வண்டி கேட்டு மனு கொடுக்கலாமா?

புகை பறக்கும் கொசுவை மட்டும் கொல்லும். புழுவும் முட்டையும் அப்படியே இருக்கும். ஏடிஸ் வீட்டுக்குள், தொங்கும் துணிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். வண்டிச் சத்தம் கேட்டதும் நீங்களோ ஜன்னலைச் சாத்திவிடுவீர்கள்.

தாம்பரம்: மகனுக்கு டெங்கு. பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமா?

நான் பூச்சி பார்ப்பவன், மருத்துவரைக் கேளுங்கள். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் மட்டும் வேண்டவே வேண்டாம். காய்ச்சல் விட்டதும் அசந்துவிடாதீர்கள், ஆபத்தான கட்டமே அதுதான். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ரத்தக்கசிவு என்றால் உடனே ஆஸ்பத்திரி.

பெரம்பூர்: புகை எத்தனை நாளுக்கு ஒருமுறை அடிக்க வேண்டும்?

மேலே சொல்லியாயிற்று.

செயலாளர் (மறுபடியும்): பயனில்லை என்றால் அரசு ஏன் அடிக்கிறது? பக்கத்துத் தெருவில் அடித்த அன்று கொசுவே இல்லையே!

பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை ஐயா. டெங்கு வந்த வீட்டிலும் அக்கம்பக்கத்திலும், வைரஸ் சுமக்கும் கொசுவைச் சட்டென்று ஒழிக்க அடிப்பார்கள். அதே நாளில் தொட்டி, டயர், கொட்டாங்குச்சி எல்லாவற்றையும் கவிழ்த்தால்தான் அதற்கு அர்த்தம். இரவில் உங்கள் காதோரம் ரீங்காரமிடுவது பெரும்பாலும் சாக்கடையில் வளரும் கியூலெக்ஸ். அது குறைந்ததைத்தான் பார்த்திருப்பீர்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் பகலில் கடிக்கும்.

மதுரவாயல்: புகை வண்டிக்கு யாரை...

அடுத்த கேள்வி.

ராயபுரம்: மேல்தொட்டிக்கு மூடி இருந்தும் எங்கள் மாடியில் இருவருக்கு மலேரியா.

நல்ல கேள்வி. சென்னையில் மலேரியா பரப்பும் அனோஃபிலிஸ் ஸ்டீஃபன்சிக்கு மேல்தொட்டியும் கிணறும்தான் பிடித்த இடம். மூடி இருந்தால் போதாது, இடைவெளியில்லாமல் பொருந்த வேண்டும். வழிந்தோடும் குழாயின் வாயில் நைலான் வலை கட்டுங்கள். கிணற்றில் கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீன் விடலாம். ஏரி குளத்தில் வேண்டாம், நம்மூர் மீன்குஞ்சுகளையும் அது தின்றுவிடும்.