பம்பு நின்றால் புகார் கொடுக்கலாம்; புதுப் பம்பு வேண்டுமென்றால் பட்ஜெட்டில் பேச வேண்டும்

கேள்வி: டர்பனில் உம்பிலோ பக்கம் இருக்கிறோம். துறைமுகத்தில் போய்ச் சேரும் கால்வாயில் வாரக்கணக்கில் சாக்கடைத் தண்ணீர் ஓடுகிறது. அங்கே தூண்டில் போடும் என் மாமனாரால் நாற்றம் தாங்க முடியவில்லை. எங்கே சொன்னாலும் இன்னோர் அலுவலகத்தைக் கை காட்டுகிறார்கள். கவுன்சிலர் வார்டு கூட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார். போய் என்ன பிரயோஜனம்?

பதில்: பிரயோஜனம் உண்டு, அவசியம் போங்கள். ஆனால் வெறும் கோபத்தோடு போகாதீர்கள். கையில் இரண்டு காகிதம் இருக்கட்டும்.

முதலில், ஏன் ஆளுக்கு ஆள் கை காட்டுகிறார்கள் என்று பார்ப்போம். துறைமுகமும் அதன் தண்ணீரும் தேசியத் துறைமுக ஆணையத்தின் பொறுப்பு. சாக்கடைக் குழாய், பம்பிங் ஸ்டேஷன், மழைநீர்க் கால்வாய் எல்லாம் டர்பனை நிர்வகிக்கும் எதெக்வினி மாநகராட்சியுடையவை. ஆறு கெட்டால் கேள்வி கேட்க வேண்டியது தேசிய நீர், துப்புரவுத் துறை. உம்பிலோ, உம்லதுசானா ஆறுகள் இரண்டும் துறைமுகத்தில்தான் போய் விழுகின்றன. அதனால் ஒரே மின்னஞ்சலை மூவருக்கும் சேர்த்து அனுப்புங்கள். மற்ற இருவருக்கும் போயிருக்கிறது என்பது ஒவ்வொருவர் கண்ணிலும் பட வேண்டும்.

அந்த மின்னஞ்சலில் என்ன எழுதுவது? டர்பனில் சாக்கடைக் குழாய் வேறு, மழைநீர்க் குழாய் வேறு. பம்பு நின்றால் சாக்கடை தேங்கி, மேன்ஹோல் மூடியைத் தள்ளிக்கொண்டு மேலே வந்து, தெருவோர ஜல்லடை வழியாக மழைநீர்க் குழாயில் இறங்கிவிடும். 2019இல் மகாத்மா காந்தி ரோடு பம்பிங் ஸ்டேஷன் பழுதானபோது கழிவு போய்ச் சேர்ந்த இடம் துறைமுகம்தான். 2022 ஏப்ரல் வெள்ளம் இதைவிடப் பெரிய சேதம் செய்தது. எனவே மழை நின்று மூன்று நாள் கழித்து, கடல் வற்றியிருக்கும் நேரத்தில் மாமனாரைக் கூட்டிக்கொண்டு கால்வாய் வாய்க்குப் போங்கள். மழையே இல்லாதபோதும் குழாயிலிருந்து சாம்பல் நிறத் தண்ணீர் வருகிறதா, துடைப்புத் தாள் கிழிசல்கள் கம்பியில் மாட்டியிருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அநேகமாக அது சாக்கடைதான். ஒரே இடத்தில் நின்று, தேதியும் நேரமும் தெரிய, நாலைந்து நாள் படம் எடுங்கள். ஒவ்வொரு தடவையும் புகார் பதிந்து ரெஃபரன்ஸ் நம்பர் வாங்குங்கள். வசதி இருந்தால் அங்கீகாரம் பெற்ற பரிசோதனைக்கூடத்திலிருந்தே புட்டி வாங்கி, தண்ணீர் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். நாள் தள்ளினால் அந்த முடிவை யாரும் மதிக்க மாட்டார்கள். இந்த நம்பர்களும் படங்களும் அடங்கிய பட்டியல்தான் உங்கள் முதல் காகிதம்.

இரண்டாவது காகிதம்தான் முக்கியம், பலர் கோட்டை விடுவதும் இதில்தான். புகார் கொடுத்தால் வண்டி வரும், அடைப்பை எடுக்கும், போய்விடும். பழைய பம்பு பழைய பம்பாகவே இருக்கும். அதை மாற்றுவது பட்ஜெட். மாநகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது. அதற்குக் குறைந்தது 90 நாளுக்கு முன், அதாவது மார்ச் கடைசிக்குள், வரைவு பட்ஜெட்டை மன்றத்தில் வைத்தாக வேண்டும். வைத்ததும் மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும். 2003ஆம் ஆண்டு நகராட்சி நிதி நிர்வாகச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அந்த வரைவில் மூலதனச் செலவுப் பக்கங்களை, அதாவது புதிதாக வாங்குவதற்கும் கட்டுவதற்கும் ஒதுக்கிய பணத்தின் பக்கங்களை, புரட்டி, உங்கள் பகுதிப் பம்பிங் ஸ்டேஷன் பெயர் இருக்கிறதா, எந்த ஆண்டில், எத்தனை ராண்ட் என்று தேடுங்கள். இல்லையென்றால் ‘இன்ன ஸ்டேஷனுக்கு மாற்றுப் பம்பும் ஜெனரேட்டரும் இந்த ஆண்டே ஒதுக்குங்கள்’ என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். ‘துறைமுகத்தைச் சுத்தம் செய்யுங்கள்’ என்று மட்டும் எழுதினால் அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அதிகாரிக்கே தெரியாது.

ஏப்ரலில் போனால் பாதி வேலை முடிந்திருக்கும் என்பதும் உண்மை. பட்ஜெட் கால அட்டவணையையே நிதியாண்டுக்குப் பத்து மாதம் முன்னால், ஆகஸ்ட் முடிவுக்குள், மன்றத்தில் வைக்க வேண்டும். அதற்குப் பிறகு நடக்கும் வளர்ச்சித் திட்டக் கூட்டங்களில்தான் வார்டின் தேவைகள் பட்டியலில் ஏறும். கவுன்சிலர் இப்போது கூப்பிட்டிருப்பது இதற்கா, வேறு விஷயத்துக்கா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எதுவானாலும் போய், உங்கள் காகிதத்தைக் குறிப்பேட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். வார்டு கமிட்டிக்குத் தலைவர் கவுன்சிலர்தான்.

மாமனாருக்கு எழுத வராது என்றால் அவர் சும்மா இருக்க வேண்டியதில்லை. 2000ஆம் ஆண்டு நகராட்சி அமைப்புகள் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி, எழுத்துப்பூர்வமாகக் கருத்துக் கேட்கும் அழைப்பிலேயே, எழுதத் தெரியாதவர் அலுவலக நேரத்தில் எங்கே வரலாம், எந்த ஊழியர் எழுதிக் கொடுப்பார் என்று போட்டிருக்க வேண்டும். அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். இத்தனை வருஷம் அந்தத் தண்ணீரைப் பார்த்தவர் சொல்வதற்கு ஒரு கனம் இருக்கிறது. உம்பிலோ ஆற்றங்கரையில் தோட்டம் போட்டுக் கோயில் கட்டியவர்களின் வழிவந்தவர்கள் நாம். அந்த ஆறு போய்ச் சேரும் இடத்தைப் பற்றிப் பேச நமக்கு முழு உரிமை உண்டு.

பம்பின் பராமரிப்புப் பதிவையும் கழிவு கலந்த நாட்களின் விவரத்தையும் தர மறுத்தால், தகவல் பெறும் சட்டப்படி படிவம் 2இல் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மறுத்ததாகவே அர்த்தம். 60 நாளுக்குள் மாநகராட்சியிடமே மேல்முறையீடு செய்யலாம், அதற்கும் மேலே தகவல் ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறது.

இன்னொன்று. கால்வாய் வாயில் பிடிக்கும் மடவை சேற்றை மேய்கிற மீன். தண்ணீர் தெளியும் வரை அதை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம் என்று மாமனாரிடம் சொல்லுங்கள். கையில் காயம் இருந்தால் அந்தத் தண்ணீரில் இறங்கவே வேண்டாம்.